மூஞ்சி மட்டும் பாக்கி

எங்கள் வீட்டில் காலையில் படத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சு. காபிகூட அப்புறம்தான். முந்தின நாள் வெளிச்சம் போனதும் வரைந்துகொண்டிருந்த கேன்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும். நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது. விடிந்ததும் பல்கூடத் தேய்க்காமல் அதைத் திருப்பி வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நேற்று வரைந்தவன் வேறு ஆள், இன்றைக்குப் பார்க்கிறவன் வேறு ஆள் என்பது என் கணவனின் கட்சி. பார்த்த மாத்திரத்தில் கண் எங்காவது இடறினால் படம் தேறவில்லை என்று அர்த்தம். ஓர் இடத்தில் மட்டும் இடறினால் அங்கே மட்டும் வெள்ளை அடித்துவிட்டுத் திரும்ப வரைவான். எல்லா இடத்திலும் இடறினால் மொத்தத்துக்கும் வெள்ளை. அதற்காகவே வெளிச்சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் வாளி ஒன்று மூலையில் எப்போதும் இருக்கும். ஓவியர்களுக்கென்று தனியாக விற்கிற வெள்ளை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

நானும் ஓவியர்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவனுக்குக் காபி கலந்து கொடுத்தவள் என்று நினைத்துவிடுவீர்கள். வீட்டுக்குப் படம் பார்க்க வந்த பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். ஓவியக் கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. நான் மயிலாப்பூர், தெப்பக்குளத்துக்குப் பின்னால் வீடு. அவன் சைதாப்பேட்டையில் ஆற்றோரம். அன்றிலிருந்து அவன் எனக்கு அவன்தான். எழுதுகிறபோது மட்டும் மரியாதையாக அவர் ஆக்கினால் எனக்கே சிரிப்பு வரும். அவன் என்னை 'இன்னாமே' என்று கூப்பிடுவான். என் பேச்சைக் கேலி செய்ய வேண்டுமென்றால், 'ஆத்துல இன்னா பண்ணிண்டு கீறே?' என்று இரண்டையும் கலந்தடிப்பான்.

அபிராமபுரத்தில் முதல் மாடி வீடு. கூடத்தில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னலோரம் அவனுக்கு, சமையலறை வாசல் எனக்கு. ஏன் அப்படி என்று கேட்காதீர்கள்; நானும் வெகுகாலம் கேட்கவில்லை. போட்டோவைப் பார்த்துக் காலமான பெரியவர்களின் படம் வரைவது, ஓட்டல் சுவரில் குளமும் தாமரையும் போடுவது, சனிக்கிழமை குழந்தைகளுக்கு வகுப்பெடுப்பது எல்லாம் என் வேலை. பெரிய பெரிய கேன்வாஸ்கள் அவன் வேலை. அதில் சில விற்றன. மீதியெல்லாம் சுவரோரம் சாய்ந்து, பெருக்க முடியாமல் என் உயிரை வாங்கின.

ஒரு நாள் காலையில் அவன் வாளியைத் திறந்து வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல அடுப்பை ஏற்றினேன். திரும்பிப் பார்த்தால், அவன் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தது முந்தின நாள் படத்துக்கு இல்லை. எப்போதோ வரைந்து முடித்து, கையெழுத்துப் போட்டு, கண்காட்சியில் தொங்கி வந்த படம். கடலோரத்தில் வலை காயப்போட்டிருக்கும். எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"என்ன பண்ணிண்டிருக்கே?" என்று கத்தினேன்.

"நேத்து வரஞ்சது. தேறல" என்றான்.

கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. அவன் சரியாகத்தான் செய்தான். காலையில் எழுந்தான், சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த ஒரு படத்தைத் திருப்பினான், புதுக் கண்ணோடு பார்த்தான், இடறியது, வெள்ளை அடித்தான். அது எந்த வருஷத்துப் படம் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. எல்லாப் படமும் நேற்றைய படமாகிவிட்டது. ஒரு குமாஸ்தாவுக்கு மறதி வந்தால் கண்ணாடியைத் தொலைப்பார். இவனுக்கு வந்த மறதி இவன் பழக்கத்தையே பிடித்துக்கொண்டு, வரைந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தின்ன ஆரம்பித்தது.

அடையாறில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காகிதமும் பேனாவும் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். இது அந்த வியாதிக்கு வைக்கிற பரீட்சையாம். ஓவியனிடம் போய் வரையச் சொல்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் தைரியம் வந்தது. அவன் டாக்டரின் தலைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, கண்ணாடியில் டியூப் லைட் பளபளப்பதையும் சுவரில் விழுந்த நிழலையும் சேர்த்து அப்படியே வரைந்துவிட்டான். முள் மட்டும் இல்லை.

"முள் எங்கே சார்?" என்றார் டாக்டர்.

"அது ஓடிக்கினே கீது சார். ஓடுறத எப்டி வரையறது?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. திரும்பி வருகிற ஆட்டோவில் எனக்குச் சிரிப்பு நின்று பயம் வந்தது. அவன் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

அதன் பிறகு நான் படங்களைக் கடத்த ஆரம்பித்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் என் சிநேகிதி ஒருத்திக்குக் காலியாக ஒரு கார் ஷெட் இருந்தது. அவன் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் பழைய புடவையைச் சுற்றி ஒவ்வொன்றாக ஆட்டோவில் ஏற்றினேன். "இன்னாம்மா, வூடு காலி பண்றீங்களா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குள்ளாகவே நிறையப் போய்விட்டது. காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஒன்று வெள்ளையாகிவிடும். வாளியை ஒளித்துவைத்தேன். சமையலறைச் சுவருக்கு அடிக்கக் கீழ்வீட்டில் வாங்கி வைத்திருந்த பெயின்ட்டைப் போய்க் கேட்டு வாங்கி வந்துவிட்டான். வெள்ளை இல்லாமல் அவனை வைத்துக்கொள்ள முடியவில்லை. சோறு இல்லாமல்கூட இருந்தான். அதனால் வாளியை எடுத்துத் திரும்ப மூலையில் வைத்து, என்னுடைய பழைய கேன்வாஸ்களை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி சாய்த்துவைத்தேன். அவன் அவற்றைத் தொடவே இல்லை. அதையும் ஒரு மாதிரி விமர்சனமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு படத்தை மட்டும் வெளியே கொண்டுபோக முடியவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கூடத்திலேயே சட்டம் அடித்து, கேன்வாஸ் இழுத்து அவன் என்னை வரைந்த படம். மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்பாது. கழற்றிச் சுருட்டலாம் என்றால் பெயின்ட்டை அப்பி அப்பிப் போட்டிருக்கிறான். சுருட்டினால் வெடித்துக் கொட்டிவிடும். படத்தில் நான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருப்பேன். சீக்கிரம் முடிடா, கால் மரத்துப்போச்சு என்று அவனை முறைத்துக்கொண்டிருப்பேன். கேட்டவர்களுக்கெல்லாம் விற்க முடியாது என்று சொன்ன ஒரே படம் அது.

அந்தப் படம் எனக்கு வேண்டும். மற்றதெல்லாம் கலைக்கு நஷ்டம், நாட்டுக்கு நஷ்டம் என்று யாராவது கூட்டம் போட்டுப் பேசிக்கொள்ளட்டும். இது எனக்கு நஷ்டம். அவ்வளவு நேரம், அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் என்னைப் பார்த்ததில்லை. இதற்குள் அவன் 'இன்னாமே' என்று கூப்பிடுவதை விட்டு 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். சாப்பாடு போட்டால், "தாங்க்ஸ் மேடம்" என்பான். அவன் என்னைப் பார்த்தான் என்பதற்கு வீட்டில் மீதியிருந்த ஒரே சாட்சி அந்தப் படம். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முன்னால் பீரோவை நகர்த்திவைத்தேன். தினமும் காலையில் அவன் பீரோவைச் சுற்றி நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு சனிக்கிழமை கீழ்வீட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். பூனை எப்படி வரைவது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால், பீரோ கூடத்தின் நடுவில் நிற்கிறது. இந்த வயதில் அதை எப்படித் தனியாக நகர்த்தினானோ. கீழ்வீட்டு அம்மா சோபாவில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். "சமத்தா பெயின்ட் அடிச்சிண்டிருந்தார், நான் தொந்தரவு பண்ணல" என்றார். படத்தில் என் புடவை இருந்தது, கை இருந்தது, பிரஷ் டப்பா இருந்தது. கழுத்துக்கு மேலே வெள்ளை.

"ஐயோ பாவி" என்றேன். அவனைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கத்தாதீங்க மேடம். மீதியெல்லாம் நல்லாதான் கீது. மூஞ்சி மட்டும் பாக்கி. அந்தப் பொண்ணு வந்து குந்திச்சுன்னா முடிச்சிடுவேன்."

ஈரத்துணியை எடுத்துத் தேய்த்தேன். வெயிலில் எமல்ஷன் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. பஞ்சில் தின்னர் நனைத்து ஓரத்தில் ஒற்றிப் பார்த்தேன். வெள்ளையோடு கன்னமும் சேர்ந்து பஞ்சுக்கு வந்தது. அதற்கு மேல் கையை வைக்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் அவன் அந்தப் படத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். பெயின்ட்டைக் குழைத்துவைத்துக்கொண்டு காத்திருந்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்தப் பொண்ணு வராமல் இட்லியைத் தொடமாட்டான். நானே போய்த் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். முட்டி வலி உயிர் போயிற்று. "இதோ வந்துட்டேன், வரை" என்றேன்.

அவன் என்னை ரொம்ப மரியாதையாகப் பார்த்தான். "நீங்க ஏன் மேடம் தரையில குந்திக்கினு? எழுந்திரிங்க. அது வரும். டீ குடிக்கப் போயிருக்கும்."

எழுந்துவிட்டேன். வேறென்ன செய்வது? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால்கூட அவன் நிமிர்ந்து பார்ப்பான். குரியர்காரர் வந்தால் முகம் விழுந்துவிடும். நாளாக ஆக உடம்பு இளைத்தது. சட்டை தோளில் நிற்கவில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் படத்தில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம், தட்டு உடைந்திருக்கிறது, நான் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். படத்தில் மட்டும் கை வைத்ததில்லை. ஒரு மத்தியானம் அவன் தூங்கினபோது அந்தச் சட்டத்தை மீறினேன். பெயின்ட் குழைக்கிற அவனுடைய தட்டு, அவனுடைய கத்தி, அவனுடைய தடித்த பிரஷ். போட்டோவைப் பார்த்து இறந்துபோனவர்களை எழுப்பி உட்காரவைத்து வயிறு வளர்த்தவள் நான். அவன் கை எப்படிப் போகும் என்று என் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும். எங்கே அழுத்துவான், எங்கே சோம்பேறித்தனமாக விட்டுவிடுவான் என்பதெல்லாம் அத்துப்படி. பழைய போட்டோக்களில் நான் இளித்துக்கொண்டிருந்தேன், அவை உதவவில்லை. முறைப்பு வேண்டியிருந்தது. அது எனக்குச் சுலபமாகவே வந்தது. அவன் எழுந்திருப்பதற்குள் முகத்தை முடித்து, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அவன் போட்டதேதான் என்று நானே நம்பினேன்.

காலையில் அவன் படத்தைத் திருப்பினான். ஸ்டூலில் உட்கார்ந்தான். நான் சமையலறை வாசலில் நின்றேன். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்துபோய் வாளியைத் திறந்தான். பிரஷ்ஷை வெள்ளையில் முக்கி எடுத்தான். தடுக்கக் கூடாது என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு காலம் அவன் உட்கார்ந்து பார்க்கிறபோது நான் குறுக்கே போனதில்லை.

அவன் படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"இதுல யாரு கை வச்சது?" என்றான்.

கதவை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வந்தேன்.

"இது என் பொண்டாட்டி கை" என்றான். "தோ பாருங்க மேடம், தாடைக்குக் கீழ நிழலுக்குப் பச்சை போட்டுக்கீறா. அவதான் போடுவா. எத்தினி தபா சொல்லிக்கீறேன், அந்தப் பச்சை உன் கண்ணுக்கு மட்டுந்தான்மே தெரியுதுன்னு. கேட்டாத்தானே?"

என்னை அறியாமல் போட்டிருக்கிறேன். எங்கே பார்த்தாலும் போடுவேன் போலிருக்கிறது. தாமரைக்குளத்தில்கூடப் போட்டிருப்பேன். அவன் பிரஷ்ஷை வாளியின் விளிம்பில் வழித்து, மூடியைத் திரும்பப் போட்டு அழுத்தினான். எல்லாம் நிதானமாக, வேலை தெரிந்தவன் செய்கிற மாதிரி செய்தான்.

"அவ எங்க மேடம்? கோச்சிக்கினு பூட்டாளா?"

"இல்லை" என்றேன். "வந்துடுவா."

"வந்தா சொல்லுங்க. என் படத்துல கை வச்சிட்டான்னு நான் கத்தலன்னு சொல்லுங்க. மூஞ்சி நல்லா வந்துகீது, அப்டியே வுட்டுட்டேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.