நிழலுக்குள் ஒரு கோடு

துஷாந்தி இரண்டு படங்களையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தேயிலை இலை சதுரம் சதுரமாக உடையும்வரை பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று அவளுடைய பழைய ட்ரோன் எடுத்தது. மற்றது, வாங்கலாமா என்று பார்க்கக் கமெராக் கடை றினாஸிடம் இரவல் வாங்கி வந்த புதியது. இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே மலைக்கு மேல் பறக்கவிட்டிருந்தாள். பதுளையில் கலியாணப் படம் எடுக்கும் மற்றவர்கள் புதுக் கமெரா வந்தால் மணப்பெண்ணின் முகத்தில் சோதிப்பார்கள். இவள் நேரே இருட்டு மூலைக்குப் போவாள். "வெயில்ல எல்லாக் கமெராவும் நல்லாத்தான் எடுக்கும். நெழல்ல என்னா பண்ணுதுன்னு பாக்கணுங்க."

ட்ரோன் தானே மெருகேற்றிக் கொடுக்கும் படத்தை அவள் நம்புவதில்லை. "அது பவுடர் பூசின மூஞ்சி" என்பாள். கமெரா கண்டதைக் கண்டபடி வைத்திருக்கும் ரோ ஃபைலைத் திறந்து, வெளிச்சத்தையும் நிறத்தையும் தானே கூட்டிக் குறைப்பாள். தேநீர் ஆறிப்போகும். கணவன் விஜேந்திரன் கூப்பிட்டால் "உம்" என்ற சத்தம் மட்டும் வரும்.

அன்று சோதனைக்கு எடுத்தது பசறைக்கு மேலே, அவளுடைய அக்கா லீலா குடியிருக்கும் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் உள்ள மலை. நாட்கணக்காகப் பெய்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. அவசரத்தில் ரோட்டோரமே நின்று எடுத்துவிட்டு, லயத்துக்கு இறங்காமல் திரும்பியிருந்தாள்.

மெருகேற்றிய படத்தில் சரிவு வழவழவென்று பச்சையாக இருந்தது. ரோ ஃபைலில் நிழலை மெல்ல வெளுக்க வைத்தாள். தேயிலைக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு வளைந்து வந்தது. குறுக்குப் பாதை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் கோட்டுக்கு மேலே இருந்த செடிவரிசை கீழே தொடரவில்லை. கீழே இருந்த வரிசை இறங்கி, விலகி நின்றது.

பழைய ட்ரோனின் ரோ ஃபைலைத் திறந்தாள். நிழலை வெளுக்க வைத்ததும் மணல் தூவியதுபோல் படமெல்லாம் புள்ளி. அந்த மணலுக்குள்ளும் அதே கோடு, அதே வளைவு. மௌஸை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்து லீலாவை அழைத்தாள்.

"அக்கா, வீட்டுக்குப் பின்னால மல வெடிச்சிருக்கு. எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வா."

"என்னாடி ஒளர்ற? மலையிலேர்ந்து வர்ற பீலித் தண்ணிதான் காலையிலேர்ந்து சேறா வருது..."

"ஐயோ அக்கா, வெளிய வா!"

துஷாந்தியை ஏற்றிக்கொண்டு விஜேந்திரன் ஆட்டோவைத் தோட்டத்துக்கு விரட்டினான். தோட்டத்துத் தலைவர் நல்லையா, படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். "இது பழைய கானும்மா. மழத்தண்ணி ஓடுறது."

"கான்னா செடி வரிச ஒடஞ்சு நிக்குமா மாமா? ரெண்டு கமெராவுலயும் இருக்குங்க."

அவர் ஒரு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். வெடிப்புக்குள் விட்ட கம்பு கைப்பிடிவரை உள்ளே போனது. இறங்கி வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. "புள்ளைகளத் தூக்குங்க. சாமான் கெடக்கட்டும்."

பொழுது சாய்வதற்குள் லயத்து ஆட்கள் எல்லோரும் தோட்டத்துப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் மழை திரும்பியது. பட்டப்பகலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் செம்மண்ணும், வேரோடு புரண்ட தேயிலையும் கிடந்தன. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

லீலா அழவில்லை. பாடசாலை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, "எங்க வீடு அந்தப் படத்துல இருக்காடி?" என்று கேட்டாள்.

துஷாந்தி தொலைபேசியில் படத்தைத் திறந்து, அதுவரை பார்க்காத கீழ்மூலையைப் பெரிதாக்கினாள். தகரக் கூரை. கொடியில் நீலச் சீலை. அதற்குப் பக்கத்தில், ஆகாயத்தைப் பார்த்துக் கையை உயர்த்தியபடி லீலா.

"நீதான் பறக்கவுடுறன்னு நெனச்சுக் கைய ஆட்டினேன். பாக்கலியா நீ?"

துஷாந்தி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.