பச்சை டப்பாவில் தண்ணீர் பிடித்த தெரு

அந்த விசில் சத்தம் காலை ஆறரைக்கு, குக்கர் விசிலையும் முந்திக்கொண்டு வரும். பின்னாலேயே அந்த நாற்றம்... ஊசின சாம்பாரும் மீன் செதிலும் ஒரே கவரில் ஒரு ராத்திரி புழுங்கினால் வருமே, அது.

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டின எங்கள் தெருவில் குப்பை எடுக்க வந்தவர் தேவகி. மூன்று சக்கர சைக்கிள் வண்டி, அதில் நாலு டிரம். எங்கள் குப்பையைப் பார்த்தே எங்கள் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். ஒரு நாள் என் கேட்டில் நின்று, "யாருக்கு அண்ணாத்தே காச்சலு? மாத்திர அட்டையா வந்துகினு கீது" என்றார். என் சொந்தத் தம்பிகூட அந்த வாரம் போன் பண்ணவில்லை.

நான் படித்தது எட்டாவது. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் பிடித்தவன். டிகிரி வாங்கின இன்ஜினியர்களே சந்தேகம் வந்தால் என் மெஷினுக்குத்தான் வருவார்கள். அப்படிப்பட்டவனே செய்த காரியத்தைக் கேளுங்கள்.

குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி கார்ப்பரேஷனில் வீட்டுக்கு இரண்டு டப்பா கொடுத்தார்கள். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. அது நல்ல கோடை. லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான். டப்பாவோ புதுசு, மூடியோடு பளபளவென்று இருக்கிறது. அதில் குப்பை கொட்ட யாருக்கு மனசு வரும்?

அடுத்த முறை லாரி வந்தபோது தெரு முழுக்கப் பச்சையும் நீலமுமாக வரிசை! என்னிடம் மட்டும் நாலு டப்பா. மாடியில் தம்பி குடும்பம் இருக்கிறது என்று சொல்லி வாங்கினேன். எங்கள் வீட்டில் மாடியே கிடையாது.

குப்பை மட்டும் பழையபடி ஒரே கவரில் போனது. தேவகி ஏரிக்கரை வேலி ஓரம் உட்கார்ந்து, அத்தனை கவரையும் கையால் பிரிப்பார். கையுறை கொடுத்திருந்தார்கள். இரண்டே வாரத்தில் கிழிந்துவிட்டது.

ஒரு நாள் பால் வாங்கிக்கொண்டு வருகிறேன், தேவகி வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ உடைந்த டியூப் லைட்டைச் சாம்பார் சாதத்துக்குள் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். உள்ளங்கை கிழிந்துவிட்டது. ஏரியே சிவந்துவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்... சரி, அவ்வளவு இல்லை. ஆனால் என் தோளில் கிடந்த துண்டைச் சுற்றினேன், அது முழுக்க நனைந்தது.

அதே கவரில் ஒரு கூரியர் பெட்டி இருந்தது. மேலேயே எங்கள் தெரு அபார்ட்மெண்டின் ஃப்ளாட் நம்பர். விடுவேனா? மூன்று மாடியையும் மூன்றே தாவலில் ஏறினேன்.

கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒரு தம்பி கதவைத் திறந்தார். பெட்டியை நீட்டினேன். குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்: "அங்கிள், பிரிக்கிறதுக்குத்தானே அவங்கள வெச்சிருக்காங்க?"

நான் போட்ட சத்தம் பூந்தமல்லி வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குள் தேவகியே துண்டு சுற்றின கையோடு மேலே வந்துவிட்டார்.

"உடு அண்ணாத்தே. நாளைக்கும் இந்த ஊட்டுக் குப்பைய நான்தான் எடுக்கணும்."

அந்தத் தம்பியிடம், கண்ணாடியை மட்டும் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள், போதும் என்று கேட்டுக்கொண்டார். அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

படி இறங்கும்போது என்னைப் பார்க்காமலேயே தேவகி சொன்னார்: "உங்க ஊட்லேர்ந்தும் ஒரே கவர்லதான் வருது."

வீட்டுக்குப் போய் நாலு டப்பாத் தண்ணீரையும் வாசலில் கவிழ்த்தேன். குளிக்க வைத்த தண்ணீரை எவனாவது ரோட்டில் கொட்டுவானா என்று என் சம்சாரம் இன்றுவரை கேட்கிறாள்.

ஆனால் அடுத்த வாரமே கார்ப்பரேஷனிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கலந்து கிடந்த குப்பையை போட்டோ எடுத்தார். தெரு சரியில்லை என்று தேவகியை எடுத்துக் கால்வாய் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கலந்து போட்ட எங்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது! தேவகியைத் திரும்ப எங்கள் தெருவுக்கே அனுப்பச் சொல்லி மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்துக்கு அலைந்தேன். தண்ணீர் லாரிக்கு அறுபது பேர் வரிசையில் நின்ற தெருவில் நாலு பேர் போட்டார்கள். அதில் ஒன்று என்னுடையது, இன்னொன்று என் சம்சாரத்துடையது.

இப்போது பேட்டரி வண்டி வருகிறது. பாட்டுப் போட்டுக்கொண்டே வருகிறது, பாட்டு முடிவதற்குள் போயும் விடுகிறது. ஆள் மாதத்துக்கு ஒருத்தர். பெயர் கேட்க நேரமில்லை. ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டாயிற்று... கையில் வாட்ச் கட்டிக்கொண்டு காலடி எண்ணி நடக்கிறவர்களே, போகிற போக்கில் கவரை வேலிக்கு அந்தப் பக்கம் வீசுகிறார்கள். கேட்டால் வண்டி நிற்கவில்லையாம். காலையில் இவ்வளவு தூரம் நடக்கிற காலுக்கு, வாசலில் வண்டிக்காக ரெண்டு நிமிஷம் நிற்க முடியாதா? பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

போன மாதம் ஆவடி பஸ் ஸ்டாண்டில் தேவகியைப் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. காய்கறிப் பையை இடது கையில் வைத்திருந்தார். என் சம்சாரத்தை விசாரித்தார், சர்க்கரை எப்படி என்று கேட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி,

"அந்த மூணாவது மாடி சாரு... இப்பனாச்சும் கண்ணாடிய தனியா குடுக்குறாரா அண்ணாத்தே?"

முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். ஏரிக்கரை வேலி ஓரம் அதே ஃப்ளாட் நம்பர் ஒட்டின பெட்டியோடு ஒரு கவர், அதைக் கிழித்துக்கொண்டு உடைந்த பீங்கான் தட்டு.

"குடுக்குறாரும்மா. இப்ப தெருவே பிரிச்சுக் குடுக்குது" என்றேன்.

வாழ்நாள் முழுக்க அளந்து விட்டவன் நான். என் நாக்கு எதற்கும் தடுக்கினதில்லை. அன்றைக்குத் தடுக்கியது.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போதும் அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.