ஒட்டுத்தாடிகளுக்கு நடுவே ஒரு ராஜா

கோவளத்தில் ஐஸ் உடைக்கும் மெஷினின் கடகடப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், அந்தச் சத்தத்துக்கும் மேலே ஒருவர் மீன்பெட்டி தூக்குகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். மாமல்லபுரம் கடற்கரைத் திடலில் வருடாவருடம் நாங்கள் போடும் பல்லவர் நாடகத்துக்கு ராஜா கிடைத்தது அப்படித்தான். ஐஸ் வியாபாரி காதர் பாய்.

என் வேலை, அட்டைப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பது. நாடகத்தில் எல்லோருக்கும் முன்னால் பேசுகிறவள் நான். ஆனால் ஜனங்களுக்குக் கேட்கக் கூடாது. வீட்டில் மறதிக்காரர்களுக்கு வார்த்தை எடுத்துக்கொடுத்து அலுத்தவர்களே, நீங்களும் என் இனம்தான்.

காற்றின் உபயம்

மேடைக்குப் பின்னால் கடல். மாலையில் காற்று அங்கிருந்து திடலை நோக்கி அடிக்கும். நான் கிசுகிசுப்பது சில நாள் ராஜாவைத் தாண்டி முன்வரிசைக்குப் போய்விடும். அங்கே மீன் விற்கும் எல்லம்மா இருப்பாள். ஒரு வருடமும் தவறாதவள்.

ஒருமுறை தூதுவனுக்குப் பதில் சொல்லாமல் ராஜா விழித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொடுத்தும் பலிக்கவில்லை. எல்லம்மா எழுந்தே விட்டாள். "போர்தான்னு சொல்லு பாய்! அந்தம்மா எவ்ளோ நேரமா கத்திகினு கீது!"

வராத படை

எதிரிப் படையினர் மறைமலைநகர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, வேலும் கேடயமுமாக மாறுவார்கள். ஒரு நாள் பஸ் வழியில் நின்றுவிட்டது. "படை வரல, அடுத்த காட்சிக்குப் போங்க" என்று பாறைக்குப் பின்னாலிருந்து கூவாத குறையாகச் சொன்னேன்.

ராஜா வாளை உருவி, காலி மணலைக் காட்டி, "அதோ, கடலெனத் திரண்டு வருகிறது சேனை!" என்றார். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. முன்வரிசையிலிருந்து எல்லம்மா கேட்டாள்: "இன்னா பாய், ஒத்த நாய்க்கு இம்மாம் பெரிய கத்தியா?"

கிரீடத்துக்குக் கீழே

அதற்குப் பிறகு எனக்கு ஒரே யோசனை. வெளியே என்னோடு தடங்கலில்லாமல் பேசுகிறவர், மேடையில் மட்டும் ஏன் தடுமாறுகிறார்? பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் ஏன் வாயைப் பார்க்கிறார்? மேடையில் மந்திரி, தளபதி, தூதுவன் எல்லோருக்கும் ஒட்டுத்தாடி, உதடே தெரியாது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நாடகத்தை நடத்தும் பாஸ்கரோ, ராஜா வேடத்தைத் தளபதிக்குக் கொடுத்துவிடலாமா என்று பேசத் தொடங்கியிருந்தார். தளபதி சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். ராஜாவின் வசனமெல்லாம் அவருக்கு அத்துப்படி. காது கேட்கவில்லையா என்று நான் கேட்டதும் காதர் பாய் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஐஸ் மெஷின் காதத் துன்னுட்ச்சி டீச்சரம்மா. காது மெஷின் வெச்சா கடல்காத்துதான் இரையுது. பாஸ்கர்கிட்ட சொல்லிடாதீங்க. வருஷம் பூரா ஐஸு சொமக்கறதே இந்த நாலு நாளுக்குத்தான்."

முன்வரிசை

அந்த நாலு நாளுக்காகக் காத்திருக்கிறவள் நானும்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள், "இன்னிக்கும் சொதப்பினா நாளைக்குத் தளபதிதான் ராஜா" என்று பாஸ்கர் சொல்லிவிட்டார். பாறைக்குப் பின்னால் ஈரம், முதுகு பிடிக்கிறது என்று காரணம் சொல்லி, நான் எல்லம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். மேடை வெளிச்சம் முன்வரிசை வரை விழும். தாடிக்குள் தூதுவன் பேசப் பேச, அதே வார்த்தைகளைச் சத்தமில்லாமல் நான் உதட்டில் சொன்னேன். ராஜாவின் பார்வை என் வாயில் வந்து நின்றது.

பாதியில் ஒரு பலூன்காரர் என் முகத்துக்கு நேரே வந்து நின்றுகொண்டார். ராஜாவின் கண்கள் அலைந்தன. சட்டென்று எல்லம்மாவின் உதடுகள் அசைந்தன. அவளைப் பார்த்து அடுத்தவள், அவளுக்கும் அடுத்தவள். எத்தனை வருடம் கேட்ட வசனம்! தூதுவன் முடித்த அதே நொடியில் ராஜா நிமிர்ந்து, "போர்தான்!" என்றார். திடல் அதிர்ந்தது.

நாடகம் முடிந்ததும் பாஸ்கர் என்னைத் தேடி வந்தார். "கவனிச்சீங்களா டீச்சர்? முன்வரிசை மொத்தமும் வாயத் தெறந்தபடியே பாத்துது!"

போன மாசியிலும் காதர் பாய்தான் ராஜா. பாறைக்குப் பின்னாலிருந்த என் நாற்காலியில் இப்போது ஜெனரேட்டருக்கான டீசல் கேன் உட்கார்ந்திருக்கிறது.