தூக்கத்தில் பிசைந்த மாவு

என் அத்தான் ஒரு பேக்கரியில் மாவு மாஸ்டர். ஊர் தூங்கும்போது மாவு பிசைவார், ஊர் பல் துலக்கும்போது வீடு திரும்புவார். என் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவள் மாட்டிக்கொண்டிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதே வீட்டு மாடியில் நான் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறேன். நான் வேலையில்லாமல் சுற்றிய காலத்தில் அந்த மாடியை ஒழித்துக் கொடுத்து, "உன் கடை, உன் ராஜ்யம்" என்று சாவியைக் கையில் வைத்தவர் அத்தான். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். அவர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிப்பேன்.

பாராட்டு என்பது அவர் வாயிலிருந்து லேசில் வராது. பன் நன்றாக இருந்தால் "ம்" என்பார். மிக நன்றாக இருந்தால் அந்த "ம்" கொஞ்சம் நீளும். அக்கா இத்தனை வருடமாக அந்த நீளத்தை வைத்தே குடும்பம் நடத்தினாள்.

பக்கத்து மனையில் கட்டடம் எழும்ப ஆரம்பித்ததும் அவர் தூக்கம் போனது. காலை முதல் கம்பி அறுக்கும் சத்தம். அது ஓய்ந்தால் சுத்தியல். கண் ரத்தமாகச் சிவந்து, நின்ற இடத்தில் சாமியாட ஆரம்பித்தார். அடுப்புக் கதவில் முழங்கையைச் சுட்டுக்கொண்டு வந்த அன்று அக்கா அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். மாவு கலக்கும் இயந்திரம் ஆளைப் பார்த்து நிற்காது, ஒரு தூக்கக் கலக்கம் போதும், கை போய்விடும். அவளுக்கு அந்தப் பயம்தான்.

டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். படுக்கையில் உட்கார்ந்த பிறகுதான் போட வேண்டும், முழுத் தூக்கத்துக்கு நேரம் இல்லாத நாளில் தொடவே கூடாது, அதிகப்படியாக ஒன்று போடக் கூடாது, கொஞ்ச நாளைக்குத்தான் என்று படித்துப் படித்துச் சொன்னார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமே இல்லீங்க" என்றார் அத்தான். குடிப்பழக்கமும் கிடையாது.

தூக்கம் வந்தது. அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. எழுந்திருக்கும்போது தலை கனமாக இருக்கிறது, வாயில் ஒரு கசப்பு நிற்கிறது என்றார். மாவை நாக்கில் வைத்து உப்புப் பார்க்கும் ஆள், அதனால் கசப்புதான் அவருக்குப் பெரிய குறை. "தூக்கம் வேணும்னா கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்" என்று நான்கூட வாயளந்தேன்.

அப்புறம்தான் வீட்டில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. அக்கா சாயங்காலம் வந்தால் சமையல் மேடையில் பிசைந்த மாவு இருக்கும், ஈரத்துணி போட்டு மூடி, பூப்போலப் பொங்கி. அத்தான் அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார். வாயைத் திறந்தால் "ம்" தவிர வேறு தெரியாத மனிதர், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தனக்காகப் பிசைந்து வைக்கிறாரே என்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதைச் சுட்டு அவருக்குப் பாதி எடுத்து வைப்பாள். காலையில் வந்து சாப்பிடும் அத்தானோ, மாவையும் அவளே பிசைந்தாள் என்று நினைத்துக்கொண்டார். பேக்கரியில் போய், "என் வீட்டுக்காரி கைப்பக்குவம் எனக்குக்கூட வராது" என்று சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் முதல் முறையாக வாய் திறந்து பாராட்டினார், அதுவும் தன்னுடைய மாவையே!

வாசலில் செருப்பு மாற்றும் அவசரத்தில் அவள் "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்பாள், அவர் "எனக்கெதுக்கு, உனக்குத்தான்" என்பார். எதற்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் குட்டு அன்றே உடைந்திருக்கும்.

ஒரு மத்தியானம் துவைத்த துண்டுகளை எடுக்கக் கீழே இறங்கினேன். பின்கட்டில் கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே ஓடினேன். அத்தான் லுங்கியோடு அடுப்பு முன்னால் நிற்கிறார். மேடையில் மாவு பிசைந்து தயாராக இருக்கிறது. அடுப்பின் திருகு திறந்து கிடக்கிறது, தீ இல்லை. அவர் கையில் லைட்டர்.

"அத்தான்!" என்றேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"ட்ரே வந்துடுச்சா?" என்றார், பேக்கரியில் கேட்கிற குரலில்.

கத்தினால் அவர் கட்டைவிரல் அழுந்திவிடுமோ என்று பயம். எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ, "இல்ல மாஸ்டர், ட்ரே இன்னும் வரல. லைட்டரை இப்படிக் கொடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"லேட் பண்ணாதே" என்று நல்ல பிள்ளையாகக் கொடுத்துவிட்டார். திருகை மூடி, சிலிண்டரை அடைத்து, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டேன். மின்விசிறி ஸ்விட்சுக்குப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டேன், ஒரு பொறி பட்டால் போதுமே. அவரைக் கைப்பிடித்து நடத்திப்போய்க் கூடத்துச் சோபாவில் படுக்க வைத்தேன். அவர் விழிக்கும்வரை லைட்டரைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

விழித்ததும் சொன்னேன். "நானா? அடுப்படிக்கா? உனக்கு வெயில்ல தலை சுத்தியிருக்கும்" என்று சிரித்தார். "நகத்தைப் பாருங்க அத்தான்" என்றேன். நக இடுக்கில் காய்ந்த மாவு. பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் கண்டேன். பேக்கரிக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு, அக்காவைக் கடையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. சில பேருக்கு இந்த மாத்திரையால் இப்படி ஆகும், தூக்கத்திலேயே எழுந்து நடப்பார்கள், சமைப்பார்கள், வண்டிகூட ஓட்டுவார்கள், விழித்தபின் ஒன்றும் நினைவிருக்காது என்றார். "வேற எதுவுமே சாப்பிடலையா? நல்லா யோசிங்க. சளிக்கு, தும்மலுக்கு?"

"தும்மல் மாத்திரை போடுவேன். அது மருந்தில்லையே டாக்டர்" என்றார் அத்தான்.

பேக்கரிக்காரர்களுக்கு மாவுத் தூசியில் தும்மல் தீராது. ஈஸ்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த மாத்திரை டப்பாவும் நிரந்தரமாக இருக்குமாம். டீ வந்தால் ஆளுக்கொன்று. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் டீயோடு தின்ற பிஸ்கட்டைச் சொன்னாலும் சொல்வார்கள், அந்த மாத்திரையைச் சொல்ல அவர்களுக்குத் தோன்றாது. அதுவும் தூக்கம் வரவைக்கிற வகை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும் என்றார் டாக்டர். "இந்தத் தூக்க மாத்திரையை இன்னையோட விட்டுடுங்க, இனிமே தொடவே வேண்டாம். நீங்க கொஞ்ச நாளாத்தான் சாப்பிடறீங்க. ரொம்ப காலமா சாப்பிடறவங்க மட்டும் தானா நிறுத்தக் கூடாது, எங்களைக் கேட்டுத்தான் படிப்படியா குறைக்கணும். இதுக்கு முன்னாடி வீட்ல ஏதாவது வித்தியாசமா நடந்துதா?"

அக்கா வாயைத் திறந்தாள். "மாவு" என்றாள். அவ்வளவுதான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் பார்வை சரிபண்ணி அனுப்புகிறவள் என் அக்கா. அவள் கண் நிரம்பி வழிந்ததை நான் பார்க்காததுபோல் சுவரைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட நன்றிக்கடன் பெரிசு. டாக்டர் தூக்கம் வராத வேறு தும்மல் மாத்திரைக்கு மாற்றினார், மாவு கொட்டும்போது முகமூடி போடச் சொன்னார். பின்னறைக்குப் படுக்கையை மாற்றி ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தோம். விடிகிற நேரத்து டீயை அத்தான் நிறுத்தினார், தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்தார். பேக்கரி முதலாளி, அவர் தேறும்வரை இயந்திரத்துக்கு வேறு ஆளைப் போட்டு, இவரை பன் உருட்டும் மேஜையில் உட்கார வைத்தார். கட்டடத்து மேஸ்திரி விஷயம் கேட்டுக் கம்பி அறுப்பதை மனையின் அந்தக் கோடிக்கு மாற்றினார். யாருக்கும் நாங்கள் ஒன்றும் செய்ததில்லை, ஆனாலும் செய்தார்கள். தூக்கம் ஒரேயடியாக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, கோபித்துக்கொண்டு போன பூனை மாதிரி திரும்பி வந்தது.

அக்கா மட்டும் பேச்சைக் குறைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கேட்டாள்.

"ஏங்க, அந்த மாவெல்லாம் யாருக்குன்னு நெனச்சுப் பிசைஞ்சீங்க?"

அத்தான் தலையைச் சொறிந்தார். உனக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்களேன் என்று நான் கண்ணைக் காட்டினேன். கவனித்தால்தானே!

"தெரியல. பேக்கரின்னு நெனச்சிருப்பேன்" என்றார்.

"ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா?"

"எனக்கே தெரியாததை உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அக்கா அவரையே பார்த்தாள். கோபம் வருமென்று நினைத்தேன், வரவில்லை. "எனக்காக நீங்க ஒண்ணும் செஞ்சு வைக்க வேணாம்" என்றாள். "அன்னிக்குத் தங்கச்சி துண்டெடுக்க இறங்கலேன்னா, சாயங்காலம் நான் எந்த வீட்டுக்கு வந்திருப்பேன்? நீங்க உசுரோட இருந்தா போதுங்க. எனக்கு அது போதும்."

அத்தான் "ம்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழ ஆரம்பித்தார்.