தெர்மோகோல் பிடித்தவர்

வெட்டவெளியில் ஜோடிகளைப் படம் எடுக்க நல்ல வெளிச்சம் காலை ஏழு மணிக்கு. விட்டால் மாலை ஐந்தரைக்கு. இதைத் தொண்டை வற்றச் சொல்லியும் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பழனிசெட்டிபட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என்னைவிட, சுவரில் தொங்கும் காலண்டருக்குத்தான் மரியாதை. சின்னமனூர்க் கல்யாணப் பெண் வீட்டிலும் அதே கதை. "பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம்" என்றார்கள். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு, மேக்கப் முடிந்து வயலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழும். மாப்பிள்ளை ஒரு மாதமாகத் தூங்காதவர் மாதிரி தெரிந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காலண்டர் கையில் கிடைத்திருந்தால் கிழித்திருப்பேன்.

அந்தப் பெண் முன்பே போனில் ஒன்று கேட்டிருந்தாள். "அக்கா, எங்கப்பாகூட ஒரே ஒரு போட்டோ. எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துருங்க. கல்யாணத்தன்னிக்கு அவுக ஓரமாத்தான் நிப்பாக."

அவள் அம்மா இறந்து மூன்று வருடம். மனைவி இல்லாதவர் மங்கல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாதாம். பெண்ணைத் தாரை வார்ப்பதைக்கூட அவர் தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் ஒப்படைத்துவிட்டார்.

வயலிலும் அதே பிடிவாதம். "ஐயா, மக பக்கத்துல வந்து நில்லுங்க" என்றேன்.

"அந்தப் பேச்சே வேணாம் ஆத்தா. வேற வேலையிருந்தாச் சொல்லு."

வேலை இருந்தது. வேப்பமர நிழலில் ஜோடியை நிறுத்திவிட்டு, வெயிலில் ஒருவர் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப வேண்டும். எங்கள் பள்ளத்தாக்குக் காற்றோ அட்டையோடு ஆளையும் தூக்கிப் போகும். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், தலையில் துண்டைச் சுற்றினார், சேற்றில் இறங்கினார்.

"இங்கன பிடிச்சாப் போதுமா?"

அட்டை அசையவே இல்லை. மகள் முகத்தில் வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. மரமும் மலையும் சேர அகலமாக எடுத்த படத்தில் ஓரமாக அவரும் விழுந்தார். எடிட்டிங்கில் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அழிக்கவும் செய்தேன், அதுவும் பெருமையாக. மலைக்குக் கொஞ்சம் நீலம் கூட்டினேன். முகத்து நிழலை இளக்கினேன். பக்கத்து நெல்லை எடுத்து அவர் நின்ற இடத்தில் ஒட்டினேன். அங்கே ஒரு மனிதர் இருந்தார் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அனுப்பினேன்.

பத்தாவது நிமிடம் போன். "அக்கா, அந்த ஓரத்துல அப்பா நின்னாகல்ல? எங்க?"

அடிப்பாவி! அவள் கேட்டதே அந்த ஒரு படம்தானே, அதை என் கையாலேயே துடைத்துவிட்டேனே. வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லவேளை, எடுத்த படம் எடுத்தபடியே கம்ப்யூட்டரில் இருந்தது. சேற்றுக் காலோடு அவரைத் திரும்பக் கொண்டுவந்தேன். மகளும் நானும் பேசிவைத்து, மண்டப வாசல் பிளக்ஸுக்கு அதையே கொடுத்தோம்.

கல்யாணத்தன்று காலையில் அவர் அந்த பிளக்ஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். திட்டு வாங்கத் தயாராகப் பக்கத்தில் போனேன்.

"நிக்க மாட்டேன்னுதான சொன்னேன்?"

"நீங்க எங்கய்யா நின்னீக? வேலைதான பாத்தீக."

அவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அட்டை லேசாச் சாஞ்சிருக்கு ஆத்தா" என்றார். "இன்னொண்ணு எடுப்பமா? மகளைக் கூப்பிடவா?"