நாற்பத்தேழாம் எண் வீடு

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவளுக்கு மின்னல் என்று பெயர். கூப்பிடுகிறவர் அழுது முடிப்பதற்குள் முகவரியைத் தட்டி வண்டியைக் கிளப்பிவிடுவாள். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பார்த்துப் பார்த்துத் தட்டுவது கத்துக்குட்டிகளின் வேலை என்பது அவள் கட்சி.

அந்த அறையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முந்தைய ஷிப்டுக்காரர் விட்டுப்போன உயரத்திலேயே அடுத்தவரும் உட்கார வேண்டும். நாற்காலியை ஏற்றி இறக்கும் கைப்பிடியை யாராவது தொட்டால் பக்கத்து சீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார்: "மகாராணி சிம்மாசனம் ஏறுறாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா!" அவளுக்கு முந்தைய ஷிப்டுக்காரன் காலை நீட்டிச் சாய்கிற பேர்வழி, நாற்காலியைத் தரையோடு இறக்கி வைத்திருப்பான். மேஜை அவள் நெஞ்சு உயரத்துக்கு வரும். மணிக்கட்டு இரண்டையும் மேஜை விளிம்பில் ஊன்றி, கையை மேல்நோக்கி மடக்கியே நாள் முழுக்கத் தட்டினாள்.

வலது கையில் முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் அடிக்கடி மரத்துப்போயின.

ஒருநாள் காலை தண்ணீர் பாட்டிலைக் கணவனிடம் நீட்டினாள். "ஏங்க, இதைக் கொஞ்சம் திறங்க."

"ஊரையே காப்பாத்துற கை, இத்துனூண்டு மூடிக்குத் தோத்துப்போச்சா?" என்று சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "டாக்டரைப் பாரேன்."

"பார்த்தா கைக்கு ஓய்வு குடுன்னுவாங்க. சீட்டு போயிடும். அப்புறம் பின்னறையில கோப்பு அடுக்க வேண்டியதுதான்."

மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு கிளம்புவாள். அலுவலக வாசலில் அவிழ்த்துப் பைக்குள் திணித்துக்கொள்வாள்.

அன்று மதியம் ஃபோனில் ஒரு பெண் அலறினாள். "என் தம்பி விழுந்துட்டான்! கை கால் வெட்டி வெட்டி இழுக்குது!"

"பதறாதீங்கக்கா. தெருப்பேரும் வீட்டு எண்ணும் சொல்லுங்க."

தெருவைச் சொல்லிவிட்டு, "நாற்பத்தேழு" என்றாள் அந்தப் பெண். அவசரத்திலும் திருத்தமாக இரண்டு தடவை சொன்னாள். மின்னலின் விரல்கள் ஓடின. வண்டி கிளம்பியது.

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சற்று நேரத்தில் இன்னொரு லைனில் டிரைவர் வந்தார். "அக்கா, ஏழாம் நம்பர் வீடு பூட்டிக் கிடக்கு. கதவைத் தட்டித் தட்டி ஓஞ்சுபோயிட்டோம்."

அவள் திரையைப் பார்த்தாள். வெறும் ஏழு. நான்கைக் காணோம். ஆள்காட்டி விரல் நான்கின் மேல் பட்டிருக்கிறது, அழுத்தவில்லை. அழுத்தவில்லை என்று அவளிடம் சொல்ல அந்த விரலுக்கு உணர்ச்சியும் இல்லை.

"நாற்பத்தேழுண்ணே! நாற்பத்தேழு! தெருக்கோடி!"

"ஐயோ, இது ஒருவழிப் பாதைக்கா. சுத்தித்தான் வரணும்."

காதில் அந்தப் பெண்ணின் குரல் மாறியிருந்தது. "இழுப்பு நின்னுடுச்சு. அசையவே மாட்டேங்கிறான். வண்டி எங்கம்மா?"

"வந்துக்கிட்டே இருக்கு. அவன் நெஞ்சைப் பாருங்க. ஏறி இறங்குதா?"

தரையில் ஏதோ உருண்ட சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா? நெஞ்சைப் பாருங்கக்கா!"

"ஏறுது... லேசா ஏறுது." கேவல் ஒன்று வெடித்தது. அதற்குப் பின்னால் சைரன் நெருங்கி வந்தது.

தம்பி கண் விழித்துவிட்டான் என்று டிரைவர் பிறகு சொன்னபோது சூப்பர்வைசர் அவள் மேஜையருகே நின்றிருந்தார். "பதட்டத்துல அந்தப் பொண்ணு நம்பரைத் தப்பாச் சொல்லியிருக்கும். ரிப்போர்ட்ல அப்படியே போட்டுடறேன், சரியா?"

தலையை ஆட்டினால் போதும், சீட்டு நிலைக்கும். அவள் தலை அசையவில்லை.

"அவங்க சரியாத்தான் சொன்னாங்க மேடம். எனக்கு விரல் மரத்துப்போச்சு. ஆறு மாசமாவே இப்படித்தான்."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா ஆறு மாசமா ஃபோன் எடுத்தே?" சூப்பர்வைசரின் குரல் கிறீச்சிட்டது. "அந்தப் பையன் போயிருந்தா?"

அவள் வலது கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுந்திரு. நேரா டாக்டர்கிட்டப் போ."

"திரும்பி வந்தா இந்த சீட்டு எனக்கு இருக்குமா மேடம்?"

"தெரியாது. என்னால சொல்ல முடியாது."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்து சீட்டில் மணி அடித்தது. கேலிக்காரர் எடுத்து, "வீட்டு எண் சொல்லுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே தட்டினார். அவள் போகாமல் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் படித்தாள்.

"இன்னொரு வாட்டி கேளுங்கண்ணே."

அவர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. கேட்டார்.