ரேடியேட்டரில் மஞ்சள்

என் மனைவி அந்த எஞ்சினைக் கழற்றத் தொடங்கியது ஒரு சனிக்கிழமை காலை. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் அடுக்குமாடி இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில், எங்களுக்கென்று ஒதுக்கிய மூலையில், அவளுடைய அப்பாவின் பழைய இங்கிலாந்துக் கார் நிற்கும். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த கார். மாமா தவறிய பிறகு கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து அதை அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். கூடவே எஞ்சின் கழற்றும் சாவிகள் நிறைந்த அவருடைய பெட்டியும் வந்தது. அதற்குப் பிறகு காரை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை.

அவள் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் எஞ்சின் அவளுடைய பொறுப்பு, சமையல் என்னுடையது. இது கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்குப் பழகிவிட்டது.

கார் சில வாரங்களாகவே வெள்ளைப் புகை கக்கியது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் பால் தேநீர் நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. எஞ்சினின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் இருக்கும் தகட்டைத்தான் ஹெட் கேஸ்கட் என்கிறார்கள். அது பழுதானால் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். இதை எனக்கு விளங்கப்படுத்த அவள் இரண்டு பாண் துண்டுகளையும் நடுவில் பூசிய பட்டரையும் பயன்படுத்தினாள்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கனடாவிலிருந்து அவளுடைய அண்ணன் வரவிருந்தார். அவர் நாட்டை விட்டுப் போனபோது இவள் பள்ளிக்கூடப் பிள்ளை. மாமா தவறியது நோய்த்தொற்று ஊரடங்கு காலத்தில். விமான நிலையமே மூடிக் கிடந்தது, அவரால் வர முடியவில்லை. அடக்கத்தைக் கைபேசித் திரையில்தான் பார்த்தார். காரணம் தெரிந்தும் அவள் மனதில் ஏதோ ஒன்று இருந்தது. அண்ணனைப் பற்றிக் கதைக்கும்போது சற்று வேகமாகக் கதைத்து முடித்துவிடுவாள். இப்போது அவர் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். அப்பாவின் கல்லறைக்கு அப்பாவின் காரில் போக வேண்டும்.

எஞ்சினின் மேற்பாதியைக் கழற்றி, பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, முச்சக்கர வண்டியில் எங்கள் இருவரின் மடியிலும் வைத்து மருதானைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு லேத் பட்டறையில் அதன் அடிப்பாகத்தைச் சமப்படுத்தித் தந்தார்கள். கேஸ்கட் பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. அந்தக் கடைக்காரருக்கு அவளை நன்றாகத் தெரியும். "சாமான் ஈக்குது தங்கச்சி, பழசையும் கொண்டாந்தீங்களா? வெச்சிப் பார்த்துதான் எடுக்கோணும்" என்றார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று மூவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டும் வேலை ஞாயிறு பின்னேரம் முடிந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. புகை இல்லை. அவள் இறங்கவே இல்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, கறுத்த விரல்களோடு, கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். எங்கும் போகாமல் அப்படியே நெடுநேரம் இருந்தோம்.

மறுநாள் காலை அடுக்குமாடிக் காவலாளி மாடிக்கு வந்து, மிஸ்ஸின் கார் படுத்த இடத்திலேயே நனைத்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். இறங்கிப் போய்ப் பார்த்தோம். காருக்கு அடியில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பச்சை நிறத்தில் குட்டையாக நின்றது. ஒழுங்கைப் பூனை ஒன்று அதை முகர்ந்து கொண்டிருந்தது. அது இனிக்கும், ஆனால் நஞ்சு என்று அவள் பூனையைத் துரத்திவிட்டு மணல் கொண்டுவரச் சொன்னாள்.

முதல் ஒழுக்கைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. எஞ்சினின் மேலே தண்ணீர் வெளியேறும் வளைவுக்கு அடியில் இருந்த காகிதக் கேஸ்கட் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை மாற்றினாள். அடுத்த நாளும் ஈரம். இந்தத் தடவை ஒரு ரப்பர் குழாய். வெளியே பார்க்க நன்றாக இருந்தது, வளைத்தால் வெடிப்பு. அதையும் மாற்றினாள். அதற்கு அடுத்த நாளும் ஈரம். இப்போது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டும் இல்லை. நிறுத்திச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் நிலத்தில் இருக்கும்.

அந்த நாட்களில் அவள் சாப்பாட்டு மேசையிலும் அதையேதான் யோசித்தாள். சோற்றைப் பிசைந்தபடி, "பம்ப்பா இருக்குமோ?" என்பாள். நான் "இருக்கலாம்" என்பேன். "இல்ல, பம்ப் காய்ஞ்சு கிடந்தது" என்று அவளே பதில் சொல்வாள். என்னிடம் கேட்பது அபிப்பிராயத்துக்காக அல்ல என்று தெரிந்தாலும், ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் சொன்னேன்.

இதற்கு நடுவில் அண்ணன் வந்து சேர்ந்தார். உயரமான மனிதர், முழங்கால் வலியோடு நடந்தார். பல வருடம் லொறி ஓட்டியவர் என்பதால் எஞ்சின் பற்றி அவருக்கும் அபிப்பிராயம் இருந்தது. பெட்டியை இறக்கி வைத்த உடனேயே காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தார். சூடாக்கிவிட்டு எஞ்சினின் மேற்பாதியைத் திரும்ப இறுக்கினாயா என்று கேட்டார். இறுக்கிவிட்டேன் என்றாள். கடையில் விற்கும், ஒழுக்கை அடைக்கும் மருந்தை ஊற்றினால் என்ன என்று கேட்டார். வேண்டாம் என்றாள். இருவரும் மரியாதையாகக் கதைத்தார்கள். அந்த மரியாதைதான் எனக்குக் கவலையாக இருந்தது. கூடப்பிறந்தவர்கள் அப்படிக் கதைப்பதில்லை.

அடுத்த நாள் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டோம். பின்னேரம் வந்து பார்த்தால் காருக்கு அடியில் நிலம் காய்ந்திருந்தது. அவள் நம்பவில்லை. கைப்பையைக்கூட மாடியில் வைக்காமல், எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். விரலை விட்டு எடுத்தாள். விரல் மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அல்ல என்று தலையாட்டினேன். ஆனால் காலையில் சமையலறையில் நான் நிறைத்து வைத்த மஞ்சள்தூள் போத்தலும், பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்த அண்ணனும் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, இதுக்குள்ள மஞ்சள் போட்டது நீங்களா?"

"ஓம். ஒழுக்கு நின்டுட்டுதுதானே?"

"நின்டது சரி. இது உள்ளுக்குப் போய் சின்னக் குழாயெல்லாத்தையும் அடைச்சா எஞ்சின் வெந்துபோகும். என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

நான் அவள் பக்கமாக நகர்ந்தேன். அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கடைசிப் படியில் நின்றார்.

"அப்பா போட்டவர்" என்றார்.

"எப்ப?"

"மடுவுக்குப் போன நேரம். நீ அம்மாட மடியில கிடந்தாய்."

அவர் மெல்லச் சொல்லத் தொடங்கினார். மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் குடும்பமாக இதே காரில் போனார்களாம். வழியில் ரேடியேட்டர் ஒழுகி, நடுக்காட்டில் கார் நின்றுவிட்டதாம். அப்பா தன் மகனைக் கூட்டிக்கொண்டு நடந்து போய், ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு தேங்காய்ச் சிரட்டை மஞ்சளும் ஒரு வாளி தண்ணீரும் வாங்கி வந்தாராம். அந்தச் சிரட்டையை ஏந்திக்கொண்டு வந்தது தான்தான் என்றார். காற்றில் பறந்துவிடாமல் கையால் மூடிக்கொண்டே வந்தேன், கை முழுக்க மஞ்சள், கோயிலில் பூசை நேரம்கூட அந்த மணம் போகவில்லை என்றார். அப்பா ஊற்றிவிட்டு, மாதாவே என்று சொல்லிச் சாவியைத் திருப்பினாராம்.

என் மனைவிக்கு இந்தக் கதை தெரியாது. அவளுக்குத் தெரிந்த அப்பா சாய்வு நாற்காலியில் இருந்து பேப்பர் வாசிக்கும் மனிதர். அவள் வேலைக்குப் போன புடவையோடு அப்படியே படியில் உட்கார்ந்தாள். அம்மா அன்றைக்கு என்ன உடுத்திருந்தா என்று கேட்டாள். எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், நான் அழுதேனா என்று கேட்டாள். அவர் நினைவிருந்ததைச் சொன்னார். இல்லாததை இல்லை என்றார். நான் மேலே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தபோது இருவரும் ஒரே படியில் நெருங்கி இருந்தார்கள்.

"நாளைக்கு இதக் கழுவி எடுப்பம்" என்றாள் அவள். "நீங்களும் கீழ வரோணும்."

சனிக்கிழமை முழுவதும் கழுவினோம். அண்ணன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். மஞ்சள் தண்ணீர் வந்து, பிறகு இளமஞ்சளாகி, கடைசியில் தெளிந்தது. தெளிந்ததும் ஒழுக்கும் திரும்பி வந்தது. அதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"முந்தி கேஸ்கட் உடைஞ்சு கிடந்ததால தண்ணிக்கு அழுத்தமே இருக்கேல்ல" என்று எங்கள் இருவருக்கும் சொன்னாள். "இப்ப நல்லா இறுகிட்டுது. அழுத்தம் ஏறினதும் எங்க இத்துப்போய்க் கிடக்குதோ அங்கால வெளிய வருது."

எஞ்சினைத் துடைத்துக் காயவைத்து, அதன் மேல் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினாள். கார் கலியாணப் பெண்போல வெளுத்து நின்றது. சிறிது நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, அண்ணன் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் பாய் விரித்து அடியில் படுத்தார். அவள் மேலிருந்து தன் கைக்கண்ணாடியைப் புகைக்குழாய்க்குப் பின்னால் நுழைத்தாள். நான் டோர்ச் அடித்தேன். பவுடரில் ஒரு மெல்லிய ஈரக்கோடு மேலிருந்து கீழே வந்திருந்தது.

"இந்தா இருக்கு" என்று அடியிலிருந்து அண்ணன் சொன்னார்.

எஞ்சினை வார்க்கும்போது பக்கவாட்டில் விடும் ஓட்டைகளை வட்டமான தகர மூடிகளால் அடைத்துவிடுவார்களாம். அப்படி ஒரு மூடி துருவேறி ஊசித்துளை விட்டிருந்தது. ஓடும்போது கசிந்த தண்ணீர் பக்கத்திலிருந்த சூடான புகைக்குழாயில் பட்டு ஆவியாகிப் போனது. அதனால்தான் நிறுத்திய பிறகு மட்டும் சொட்டியது. புகைக்குழாயைக் கழற்றி, பழைய மூடியைக் குத்தி எடுத்தபோது அது பிஸ்கட்டைப்போல நொறுங்கியது. பஞ்சிகாவத்தையிலிருந்து புதியது வாங்கி வந்தோம். அவள் பசை பூசி, சரியாகப் பிடித்து, அடிக்கும் வேலையை அண்ணனுக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் போதும் என்று சொல்லும்வரை அடித்தார்.

அதற்குப் பிறகு நிலம் ஈரமாகவில்லை. ஒரு நாள் விட்டுப் பார்த்தோம், இன்னொரு நாளும் பார்த்தோம்.

கல்லறைக்குப் போனது ஒரு விடுமுறை நாளில். அண்ணன் முன்னால், நான் பின்னால் பூக்களோடு. கடற்கரைப் பாதையால் போய், புறக்கோட்டை நெரிசலுக்குள் ஊர்ந்து, கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய பழைய வீட்டைக் கடந்தோம். அதில் இப்போது ஒரு மருந்துக்கடை. அவள் வேகத்தைக் குறைத்தாள், ஆனால் நிறுத்தவில்லை. வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. மாதம்பிட்டிய மயானத்தில் அவர்கள் இருவரும் முன்னால் போக, நான் காரடியில் நின்றுகொண்டேன். தூரத்தில் அண்ணன் குனிந்து கல்லைக் கையால் துடைப்பது தெரிந்தது. அவள் அவருடைய முதுகில் கையை வைத்தாள். இருவரும் திரும்பி வர நெடுநேரமாயிற்று.

திரும்பும் வழியில் கிராண்ட்பாஸ் பக்கம் அவர் தூங்கிப் போனார். வாய் சற்றுத் திறந்திருந்தது, தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அவள் என்னிடம் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிக் கைகாட்டினாள். பள்ளங்களைச் சுற்றி, கியரை மெல்ல மாற்றி, ஒரு குழந்தையைக் கொண்டுபோவதுபோல ஓட்டினாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் ஓரமாக ஒதுங்கி அவனைப் போகவிட்டாள்.